நகரத்தில் சைக்கிள்: திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

குடியிருப்போர் சங்கக் கூட்டம், அலுவலகக் கேன்டீன், கல்யாணப் பந்தி என்று எங்கே சைக்கிள் பேச்சு எழுந்தாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். பெரும்பாலும் சென்னையை வைத்துப் பேசுகிறேன். கோவை, மதுரை, திருச்சிக்காரர்கள் தெருப் பெயரை மாற்றிக்கொண்டால் பாதிக்கு மேல் அங்கேயும் பொருந்தும்.

சைக்கிளுக்கு ஏத்த ஊருன்னா என்ன? எல்லா ரோட்டுலயும் தனிப் பாதை போடுறதா?

இல்லை. எல்லாத் தெருவுக்கும் தனிப் பாதை தேவையும் இல்லை, அதற்கு இடமும் இல்லை. குடியிருப்புத் தெருக்களில் வண்டிகள் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டால் அங்கே சைக்கிளும் காரும் ஒன்றாகவே போகலாம். பஸ்ஸும் லாரியும் விரைகிற பெரிய சாலைகளில்தான் சைக்கிளுக்குத் தனி இடம் வேண்டும். இந்த இரண்டையும் இணைக்கிற சந்திப்புகளில் பத்திரமாகக் கடக்க வழி வேண்டும். அவ்வளவுதான்.

சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த எளிய சோதனை இது: ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் தனியாக டியூஷனுக்குச் சைக்கிளில் போய்வர அவள் அம்மா பயப்படாமல் அனுப்புவாரா? அனுப்புவார் என்றால் அது சைக்கிளுக்கு ஏற்ற ஊர். ஞாயிறு காலை ஈ.சி.ஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாக ஓட்டுகிறவர்களை வைத்து இதை அளக்கக் கூடாது. அவர்களுக்கு வேகமும் இருக்கிறது, தைரியமும் இருக்கிறது. எந்தச் சாலையிலும் சமாளித்துவிடுவார்கள்.

சென்னைல இப்பல்லாம் யாருங்க சைக்கிள் ஓட்டுறா?

நிறையப் பேர். நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். விடிகாலையில் பேப்பர் போடுகிற பையன், பால்காரர், கேனில் டீ விற்பவர், இரவுப் பணி முடிந்து திரும்பும் வாட்ச்மேன், கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளிகள், மூன்று சக்கரச் சரக்கு வண்டியான மீன்பாடி வண்டி மிதிப்பவர், அரசுப் பள்ளி மாணவர்கள். 1970 வாக்கில் சென்னையின் பயணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சைக்கிளில் நடந்தது. 2008இல் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வில் அது 6 சதவீதமாக இறங்கியிருந்தது. அந்த 6 சதவீதமே ஏறக்குறைய கார் பயணங்களின் அளவு. கார்களுக்காக எத்தனை மேம்பாலம் கட்டினோம், சைக்கிளுக்காக என்ன செய்தோம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தமிழக அரசு 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, 2005-06 முதல் எல்லா பிளஸ் ஒன் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் விரித்தது. அதாவது வண்டியை அரசே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. ஓட்டத் தெருவைத்தான் கொடுக்கவில்லை.

இந்த வெயில்ல எப்படிங்க? ஆபீஸ் போறதுக்குள்ள சட்டை நனைஞ்சிடாதா?

ஏப்ரல், மே மதிய வெயிலில் யாருமே ஓட்ட வேண்டாம், நானும் ஓட்டுவதில்லை. ஆனால் ஊரே ஓடுகிற நேரம் காலை 7 முதல் 9.30, மாலை 5க்கு மேல். அப்போது நிதானமாக மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கும்போது வேர்ப்பதைவிட அதிகம் வேர்க்காது. காற்றாவது அடிக்கும்.

வெயிலைக் காரணம் காட்டுகிறவர்களிடம் நான் சொல்வது ஸ்பெயினின் செவில் நகரத்தைப் பற்றி. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர். 2006க்கு முன் அங்கே சைக்கிள் ஓட்டியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நான்கைந்து ஆண்டுகளில் ஒன்றோடொன்று இணைந்த ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தனிப் பாதையைப் போட்டார்கள். தினசரி சைக்கிள் பயணங்கள் பத்து மடங்குக்கு மேல் கூடின. வெயில் குறைந்து இது நடக்கவில்லை.

நிழல் கட்டாயம் வேண்டும், அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. சைக்கிள் பாதைக்கும் வண்டிச் சாலைக்கும் நடுவே மரம் வைத்தால் நிழலும் ஆயிற்று, தடுப்பும் ஆயிற்று. புங்கையும் வேம்பும் வையுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது குல்மொஹர் மாதிரி வெளியிலிருந்து வந்த மரங்கள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதை மறந்துவிட வேண்டாம்.

மழைக்காலத்துல என்ன பண்ணுவீங்க?

தூறலுக்கு ரெயின்கோட், கொட்டும் மழைக்கு பஸ். வடகிழக்குப் பருவமழையில் உண்மையாகப் பயப்பட வேண்டியது தேங்கிய தண்ணீரை. அடியில் மூடியில்லாத பள்ளம் இருக்கிறதா என்று தெரியாது.

மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பித் தட்டைக் கவனித்திருக்கிறீர்களா? பல இடங்களில் கம்பிகளைச் சாலை போகும் திசையிலேயே பதித்திருப்பார்கள். சைக்கிளின் மெல்லிய டயர் அந்த இடுக்கில் நுழைந்தால் ஓட்டுகிறவர் முன்னால் குப்புற விழுவார். கம்பிகள் குறுக்கே இருந்தால் ஒன்றும் ஆகாது. சாலையை வரைகிறவர் ஒருநாள் சைக்கிளில் போயிருந்தால் இது தானாகத் தெரிந்திருக்கும்.

நான் தாம்பரத்துலேர்ந்து அண்ணா சாலைக்குப் போகணும். சைக்கிள்ல போகச் சொல்றீங்களா?

சொல்லவே இல்லை. 5 கிலோமீட்டருக்குள் இருக்கிற வேலைக்குத்தான் சைக்கிள். அதற்கு 20 முதல் 25 நிமிடம் ஆகும். மளிகை, டியூஷன், கோயில், நூலகம், ரயில் நிலையம் எல்லாம் அந்த தூரத்துக்குள்தான் இருக்கின்றன. இதற்கெல்லாம் நாம் இப்போது ஸ்கூட்டியை எடுக்கிறோம்.

தாம்பரத்திலிருந்து வருகிறவருக்கு சைக்கிளும் மின்சார ரயிலும் சேர்ந்ததுதான் வழி. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை மிதித்து, ஸ்டாண்டில் விட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவது நம் ஊரில் பழைய பழக்கம்தானே. இப்போது பல ஸ்டாண்டுகளில் பைக்குகளுக்கு நடுவே சைக்கிளைத் தேடிப் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் கட்டியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். கூரையும், சைக்கிளுக்கென்று பிரித்த ஒரு பகுதியும் இருந்தால் போதும். கொச்சி மெட்ரோ 2020இல் ரயிலுக்குள்ளேயே சைக்கிளைக் கொண்டுவர அனுமதித்தது. அதையும் இங்கே கேட்கலாம்.

ரோட்டு ஓரமா ஒரு கோடு போட்டு சைக்கிள் படம் வரைஞ்சா போதாதா?

போதாது. பெயின்ட் யாரையும் தடுக்காது. காலையில் கோடு போட்டால் மாலையில் அதன் மேல் ஆட்டோ நிற்கும், மறுநாள் தள்ளுவண்டி, அடுத்த வாரம் கார். அதைச் சுற்றிப் போக சைக்கிள்காரர் சட்டென்று சாலையின் நடுவுக்கு வர வேண்டும். கோடு இல்லாததைவிட இது ஆபத்து.

நல்ல பாதை என்றால் குறைந்தது 2 மீட்டர் அகலம் வேண்டும். ஒரு மீன்பாடி வண்டியைச் சைக்கிள் தாண்டிப் போக அவ்வளவாவது தேவை. சாலையைவிட அரையடி உயரமாக, நடைபாதையைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும். பஸ் நிறுத்தம் வரும் இடத்தில் நிழற்குடைக்குப் பின்னால் வளைந்து போக வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு பஸ்ஸும் சைக்கிளை வெட்டிக்கொண்டுதான் ஓரம் கட்டும்.

பெங்களூருவில் 2020இல் வெளிவட்டச் சாலையில் கம்பங்கள் நட்டுத் தற்காலிக சைக்கிள் பாதை அமைத்தார்கள். எண்ணம் நல்லதுதான். கம்பங்கள் உடைந்தன, பிடுங்கப்பட்டன, பிற்பாடு பாதையே இல்லாமல் போயிற்று. தற்காலிகமாகப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆறு மாதத்தில் அதைக் கான்கிரீட்டாக மாற்றும் திட்டமும் பணமும் முதலிலேயே கையில் இருக்க வேண்டும்.

தனிப் பாதை போட்டா பைக்காரங்க அதுல ஏறிடுவாங்களே?

ஏறுவார்கள். எனக்கு வரும் கேள்விகளிலேயே நியாயமானது இதுதான். ஐரோப்பியக் கையேடுகளில் இதற்குப் பதில் கிடைக்காது, அங்கே இவ்வளவு இருசக்கர வாகனங்கள் இல்லை. முட்டுக்கம்பம் நட்டால் காரைத் தடுக்கலாம். பைக்கும் சைக்கிளும் ஏறக்குறைய ஒரே அகலம் என்பதால், பைக் நுழையாதபடி கம்பத்தை நெருக்கி நட்டால் சக்கர நாற்காலியும் நுழையாது, மூன்று சக்கர வண்டியும் நுழையாது. வளைந்து வளைந்து போகும் இரும்புத் தடுப்பு வைத்தாலும் அதே கதை.

பைக்காரர் ஏன் ஏறுகிறார் என்று பாருங்கள். முன்னால் சிக்னலில் வண்டிகள் தேங்கி நிற்கின்றன, பக்கத்தில் ஒரு பாதை காலியாகக் கிடக்கிறது. அப்படியானால் செய்ய வேண்டியவை இரண்டு. பாதையில் ஏறுவதால் நேரம் மிச்சமாகக் கூடாது: 50 மீட்டருக்கு ஒரு சிறு மேடும் வளைவும் இருந்தால் சைக்கிள் வேகத்துக்கு அது தெரியாது, பைக்குக்குத் தொல்லை. அடுத்து, பாதை காலியாகக் கிடக்கக் கூடாது. நாலு சைக்கிள் தொடர்ந்து போகிற பாதையில் பைக் ஏறினால் தானே மாட்டிக்கொள்ளும். இதனால்தான் முதலில் பள்ளிக்கூடங்களைச் சுற்றி, நிறையச் சைக்கிள் ஓடும் இடங்களில் பாதை போடச் சொல்கிறேன்; யாரும் போகாத புறவழிச் சாலையில் இல்லை.

போலீஸ் அபராதமும் வேண்டும்தான். கேமரா வைத்து ஹெல்மெட்டுக்கு அபராதம் போடுகிற ஊரில் இதற்கு முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். முழுத் தீர்வு என்று எதுவும் இல்லை, குறைக்கலாம்.

காரை நிறுத்தவே இடமில்ல, இதுல சைக்கிளுக்கு வேற இடம் கேக்குறீங்க?

ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். சென்னையின் பெரும்பாலான தெருக்களில் காரை நிறுத்தக் காசே வாங்குவதில்லை. சதுர அடி ஆயிரக்கணக்கில் விலை போகிற தியாகராய நகரில், பொதுச் சொத்தான தெருவில் உங்கள் கார் நாள் முழுக்கச் சும்மா கிடக்கலாம். அந்த வழியே பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு 2 மீட்டர் கொடுக்க மட்டும் நமக்கு யோசனையாக இருக்கிறது.

கடைக்காரங்க வியாபாரம் போயிடும்னு சண்டைக்கு வர்றாங்களே?

வருவார்கள். 2019இல் தியாகராய நகரின் கடைத்தெருவான பாண்டி பஜார் நடைபாதை வளாகமாகத் திறக்கப்படுவதற்கு முன்னும் இதே அச்சம்தான் பேசப்பட்டது. இன்று மாலையில் அங்கே போய்க் கூட்டத்தைப் பாருங்கள்.

தன் வாடிக்கையாளர் எல்லாம் காரில் வருகிறார் என்று கடைக்காரர் நினைத்துக்கொள்வது உலக வழக்கம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கடைக்காரர்களைக் கேட்டபோது 41 சதவீதம் பேர் காரில் வருவதாகச் சொன்னார்கள். வாங்க வந்தவர்களைக் கேட்டால் 22 சதவீதம்தான். காரில் போகிறவர் கடையைத் தாண்டிப் போய்விடுவார். நடந்தோ மிதித்தோ வருகிறவர் நின்று பார்ப்பார். ஒரே ஒரு விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரி: சரக்கு இறக்க இடம் வேண்டும். அதற்குக் காலையில் நேரம் ஒதுக்கிக் கொடுத்துவிடலாம்.

சைக்கிள்காரங்க ஏன் எப்பவும் ராங் சைடுலயே வர்றாங்க? அவங்களுக்கு ரூல்ஸே கிடையாதா?

அவர் நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள். எதிர்ப்பக்கம் இருக்கிற கடைக்குப் போக வேண்டும். நடுவே மீடியன். வலது பக்கம் திரும்பும் வழியை அடைத்து, 600 மீட்டர் தள்ளி யூ டர்ன் கொடுத்திருக்கிறார்கள். போக 600, திரும்பி வர 600. காருக்கு இரண்டு நிமிடம், ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டும். கேரியரில் அரிசி மூட்டை வைத்திருப்பவருக்கு அது ஆறேழு நிமிட மூச்சிரைப்பு, அதுவும் யூ டர்னில் லாரிகளுக்கு நடுவே. அவர் ஓரமாக எதிர்த்திசையில் வந்துவிடுகிறார். தவறுதான், ஆபத்தும்தான். ஆனால் சாலையை அமைத்தவர் அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

200, 250 மீட்டருக்கு ஒருமுறை மீடியனில் நடப்பவரும் சைக்கிளும் மட்டும் கடக்கும் இடைவெளி, அதற்கு ஒரு சிக்னல். இதைச் செய்தால் ராங் சைடு பாதி குறையும் என்பது என் கணிப்பு. ஒருவழிப் பாதைகளுக்கும் இதே மருந்துதான். பிரஸ்ஸல்ஸ், பாரிஸ் நகரங்களில் பல ஒருவழித் தெருக்களில் சைக்கிள் மட்டும் எதிர்த்திசையில் போகச் சட்டமே அனுமதிக்கிறது. தெரு மெதுவாக இருந்தால் அது பிரச்சினை இல்லை.

ஃப்ரீ லெஃப்ட், அதாவது சிக்னலுக்கு நிற்காமல் இடதுபுறம் திரும்பலாம் என்கிற ஏற்பாடு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேராகப் போகிற சைக்கிளின் மேல் இடதுபுறம் திரும்புகிற லாரி ஏறுவது சந்திப்புகளில் நடக்கும் மோசமான விபத்துகளில் ஒன்று. சைக்கிள் அதிகம் போகிற சந்திப்புகளில் ஃப்ரீ லெஃப்டை மூட வேண்டும். முனையை வளைவாகச் செதுக்காமல் கூராக வைத்தால் வண்டிகள் தானாக வேகம் குறைத்துத் திரும்பும்.

30 கிலோமீட்டர் வேகம்னா நடைமுறைல முடியுமா?

சென்னையில் அது ஏற்கெனவே விதிதான். 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல் துறை அறிவித்த வேக வரம்பில் குடியிருப்புப் பகுதிக்கு 30 என்றே இருக்கிறது. தெருவைப் பார்த்தால் அது தெரியாது, அதுதான் குறை.

60இல் வரும் வண்டி 30இல் வரும் வண்டியைவிட இரண்டு மடங்கு பலமாக மோதும் என்று நினைப்போம். இல்லை, நான்கு மடங்கு. வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் கூடும் என்று பள்ளியில் படித்தோமே. இரவோடு இரவாக முளைக்கிற குண்டு வேகத்தடைகளை நான் சொல்லவில்லை, அவை சைக்கிள்காரரின் முதுகைத்தான் முதலில் பதம் பார்க்கும். தெருமுனையில் சாலையையே நடைபாதை மட்டத்துக்கு அகலமாக உயர்த்துவது, சாலையைக் குறுக்குவது, நீண்ட நேர் தெருவில் மரத்தொட்டி வைத்து வளைப்பது என்று வழிகள் இருக்கின்றன.

முதல்ல சைக்கிள்காரங்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குங்க, அப்புறம் பாதை கேளுங்க.

போட்டுக்கொள்வது நல்லது, கட்டாயமாக்குவது கெடுதல். மோட்டார் வாகனச் சட்டத்தின் ஹெல்மெட் விதி சைக்கிளுக்குப் பொருந்தாது, அப்படியே இருக்கட்டும். ஆஸ்திரேலியா 1990களின் தொடக்கத்தில் கட்டாயமாக்கியது. மெல்போர்னில் 2010இல் வந்த வாடகை சைக்கிள் திட்டம் ஆள் ஏறாமலே கிடந்து 2019இல் மூடப்பட்டதற்கு அந்த விதியும் ஒரு காரணம். நெதர்லாந்தில் அன்றாடம் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஹெல்மெட் போடுவதில்லை. பாதையும் வேகக் கட்டுப்பாடும் அவர்களைக் காப்பாற்றுகின்றன.

நம் ஊரில் கட்டாயமாக்கினால் மாட்டப்போவது டீ கேன்காரரும் வாட்ச்மேனும்தான். டைனமோ லைட் எரியவில்லை, டபுள்ஸ் வந்தாய் என்று போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிட்ட காலத்தைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் புகையில மூச்சு வாங்க மிதிச்சா நுரையீரல் என்னத்துக்கு ஆகும்?

2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருக்கும் ஊரில்கூட, தினம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால்தான் புகையின் தீமை உடற்பயிற்சியின் நன்மையை மிஞ்சும். சென்னையில் டெல்லி அளவுக்கு மோசமான நாட்கள் குறைவு. போகி, தீபாவளிக் காலைகளை விட்டுவிடுங்கள். நாம் பேசுவதும் 20 நிமிடப் பயணம்தான். பெரிய சாலைக்கு இணையாகப் போகும் உள்தெருவை எடுத்தால் புகையும் குறையும்.

பொம்பளைங்களுக்கு இது சரிப்படுமா?

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்பதுதான் வேடிக்கை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முனைப்பில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள், விவசாயக் கூலிகள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த வண்டியையே ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் காத்துக்கிடந்த நேரம் மிச்சமாயிற்று, யாரையும் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை என்றும் ஆயிற்று.

நகரத்தில் பெண்கள் ஓட்டாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் விரட்டும் போக்குவரத்தும் இருட்டும். தெருவிளக்கு எரிய வேண்டும், அதுவும் கார்ச் சாலையின் நடுவில் மட்டும் இல்லாமல் சைக்கிள் பாதையின் மேலும். நீண்ட மதில்சுவரை ஒட்டிப் போகிற பாதையைவிட, சின்னச் சின்னக் கடைகள் இருக்கிற பாதை நல்லது. பூக்காரம்மா உட்கார்ந்திருக்கிற இடத்தில் யாரும் வம்பு செய்வதில்லை. அதனால் சாலையோர வியாபாரிகளைத் துரத்திவிட்டுப் பாதை போடாதீர்கள். 2014இன் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கும் இடம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

நெதர்லாந்துக்காரன் வேற, நாம வேற. அவன் ரத்தத்துலயே சைக்கிள் இருக்கு.

1950, 60களில் ஆம்ஸ்டர்டாமிலும் கார்கள் பெருகி சைக்கிள் தேய்ந்துகொண்டுதான் வந்தது. 1971இல் அந்தச் சின்ன நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்பதே அந்த இயக்கத்தின் பெயர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். ரத்தத்தில் ஓடியது எதுவும் இல்லை. போராடி வாங்கியது.

அவர்களும் எடுத்த எடுப்பிலேயே சரியாகச் செய்துவிடவில்லை. 1970களில் ஹேக், டில்பர்க் நகரங்களில் ஆளுக்கொரு அருமையான சைக்கிள் சாலை போட்டுப் பார்த்தார்கள். ஓட்டுகிறவர்களின் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி ஏறவில்லை. 1980களில் டெல்ஃப்ட் ஊர் முழுக்க வலைப்பின்னலாக இணைத்த பிறகுதான் பலன் தெரிந்தது. நம் ஊரில் ‘மாதிரிச் சாலை’ ஒன்று போட்டு ரிப்பன் வெட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு கிலோமீட்டர் அழகான பாதை போய்த் திடீரென்று ஒரு மேம்பாலத்தின் வாயில் முடிந்தால், டியூஷனுக்குப் போகிற அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை அதற்குமேல் என்ன செய்வாள்?

மெட்ரோவுக்கே காசு போதல, இதுக்கு யார் குடுப்பா?

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 500 கோடிக்கு மேல். மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். மேலே சொன்ன செவில் நகரத்தின் மொத்த சைக்கிள் வலைப்பின்னலுக்கும் ஆன செலவு சுமார் 3.2 கோடி யூரோ. நம் மெட்ரோவின் ஒரு கிலோமீட்டர் விலையைவிட அது குறைவு.

சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாகச் சொன்னது. அதன் பேரில் நல்ல நடைபாதைகள் பல வந்தன, அதை மறைக்கக் கூடாது. சைக்கிள் பக்கம்தான் பெரும்பாலும் காகிதத்தில் நின்றுவிட்டது. 2020இல் மத்திய அரசு சைக்கிள் நகரங்களுக்காக நடத்திய போட்டியில் கடைசியாகத் தேர்வான 11 ஊர்களில் பெங்களூரு, வாரங்கல், கோஹிமாகூட உண்டு. தமிழ்நாட்டு ஊர் ஒன்றுமில்லை.

வாடகை சைக்கிள் வந்துச்சே, ஏன் ஓடல?

வாடகை சைக்கிள் நமக்குப் புதிதில்லை. மணிக்கணக்கில் சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. செயலியில் பூட்டைத் திறக்கும் திட்டங்கள் கோவையிலும் சென்னையிலும் வந்தபோது வண்டி மட்டும் வந்தது, ஓட்டத் தெரு வரவில்லை. சீனாவின் வாடகை சைக்கிள் நிறுவனமான ஓஃபோ 2018இல் இந்தியாவை விட்டே போனது. நிலையங்களும் பூங்கா வாசலில் இருந்தால் ஞாயிறு பொழுதுபோக்காகத்தான் ஓடும். ரயில், மெட்ரோ வாசலிலும் அலுவலக வாசலிலும் நெருக்கமாக இருக்க வேண்டும்.

எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாமா? அதுக்கு லைசென்ஸ் வேணுமா?

மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். முட்டி வலிக்காரர்களுக்கும் மேம்பாலம் ஏற வேண்டியவர்களுக்கும் நல்லது. வேகத்தைத் திருகி ஏற்றிக் கொடுக்கிற கடைகளில் மட்டும் வாங்காதீர்கள்.

மெதுவாப் போற சைக்கிளாலதான் டிராஃபிக்கே ஜாம் ஆகுது. பேசாம பெரிய ரோட்டுல தடை பண்ணிடலாமே?

கொல்கத்தா செய்து பார்த்தது. 2013இல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். அடிபட்டவர்கள் பால்காரர், பேப்பர்காரர், பள்ளிப் பிள்ளைகள். எதிர்ப்புக் கிளம்பி பிறகு தடைப் பட்டியலைக் குறைக்க வேண்டியதாயிற்று. நெரிசல் அப்படியேதான் இருந்தது.

ஒரு வண்டித் தடத்தில் தனியார் கார்களை ஓடவிட்டால் மணிக்கு 600 முதல் 1,600 பேர்தான் போக முடியும். அதே அகலத்தில் இருவழிச் சைக்கிள் பாதை போட்டால் 7,500 பேர் வரை போகலாம். சைக்கிள் பாதை எப்போதும் காலியாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். நூறு சைக்கிள் ஒரு சிக்னலில் கடந்துவிடும், நூறு கார் தெரு முழுக்க நிற்கும். நகரவே நகராததைத்தான் நாம் ‘பயன்பாட்டில் இருக்கிறது’ என்று நினைத்துக்கொள்கிறோம்.

சரி, என் தெருவுக்கு நான் என்ன கேக்கலாம்?

‘சைக்கிள் பாதை வேண்டும்’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். இந்தத் தெருமுனையில், இந்தப் பள்ளி வாசலில் சாலையை உயர்த்துங்கள். இந்த மீடியனில் இந்த இடத்தில் இடைவெளி விடுங்கள். ஸ்டேஷன் ஸ்டாண்டில் கூரை போடுங்கள். சந்திப்பில் காலை 8 முதல் 9 வரை எத்தனை சைக்கிள் போகிறது என்று இரண்டு மூன்று பேர் நின்று எண்ணி அந்தத் தாளையும் இணையுங்கள். கவுன்சிலர்கள் எண்ணிக்கையை மதிக்கிறார்கள், அவர்களுக்கு எண்ணிக்கை என்றால் ஓட்டு. பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்தும் இருந்தால் மனு வேகமாக நகரும்.

சென்னையில் சின்னச் சின்ன வேலைகளுக்கு மாநகராட்சியின் 1913 புகார் எண்ணும் ‘நம்ம சென்னை’ செயலியும் இருக்கின்றன. படம் எடுத்து, அருகிலுள்ள மின்கம்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் இடம் தெரியவில்லை என்று புகாரை முடித்துவிடுவார்கள். முதல் புகாராக எதைப் போடுவது என்று கேட்டால், மழைக்காலம் வருவதற்குள் உங்கள் தெருவின் வடிகால் தட்டுகளைப் பாருங்கள்.